புனைபெயரில் எழுதிய பெண் நாடகாசிரியர்கள், லண்டன்

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் அரங்குகளுக்குப் பெயரை மறைத்தோ மாற்றியோ எழுதிய பெண்களைப் பற்றியது இக்கட்டுரை. 1642இல் நாடாளுமன்றம் மூடிய அரங்குகள், 1660இல் இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பியதும் திறந்தன. அதுவரை லண்டன் மேடையில் பெண் வேடம் கட்டியவர்கள் சிறுவர்கள். நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில், திருவிழா இரவுகளில் ஆண்கள் சேலை கட்டி ஸ்திரீபார்ட் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1660 டிசம்பரில் ‘ஒதெல்லோ’வின் டெஸ்டிமோனாவாக ஒரு பெண்ணே நடித்தார். பத்தாண்டுக்குள் பெண்கள் எழுதிய நாடகங்களும் மேடையேறின.

முதலில் வந்த பெயர் ‘ஒரிண்டா’. நண்பர் வட்டத்தில் கேத்தரின் பிலிப்ஸ் வைத்துக்கொண்ட பெயர் அது. பிரெஞ்சு நாடகாசிரியர் கார்னேயிடமிருந்து அவர் மொழிபெயர்த்த ‘பாம்ப்பே’ 1663இல் டப்ளினில் அரங்கேறியது. அச்சில் அவர் பெயர் இல்லை. குடும்பப் பெண்ணின் பெயர் கடைத்தெருவுக்கு வரக்கூடாது என்ற அச்சம் அவருக்கு உண்மையாகவே இருந்தது.

ஆனால் எல்லாப் புனைபெயரையும் நாணத்தின் கணக்கில் எழுதிவிடுவது தவறு. அரங்கில் எழுதியவருக்குச் சம்பளம் கிடையாது. மூன்றாம் நாள் வசூலில் அரங்கச் செலவு போக மிஞ்சியதே கூலி. இரண்டாம் நாளோடு நாடகம் நின்றால் வெறுங்கைதான். ‘பெண் எழுதியதாமே’ என்ற முணுமுணுப்பு அந்தக் கூலியையே பறிக்கக்கூடியது. எழுத்தை நம்பியே பிழைத்த அஃப்ரா பென் இதை நன்கு அறிந்தவர். ‘அஸ்ட்ரியா’ என்ற பெயரும் அவருக்கு உண்டு. 1666இல் ஆன்ட்வெர்ப்பில் அரசருக்காக ஒற்று வேலை பார்த்தவர். 1670இல் தொடங்கி நாடகங்கள் எழுதினார். 1677இல் வந்த ‘தி ரோவர்’ பெயரில்லாமலே அச்சானது. அதன் முன்னுரைப் பாட்டு ஆசிரியரை ஆணாகவே பேசியது. நாடகம் வென்றபின் வந்த படிகளில்தான் அவர் பெயர் ஏறியது.

1682இல் லண்டனில் இருந்த இரண்டு நாடகக் குழுக்களும் ஒன்றானதால் புதிய நாடகங்களுக்குத் தேவை குறைந்தது. 1695இல் நடிகர் பெட்டர்டன் பிரிந்துபோய்த் தனிக்குழு கண்டார். போட்டி மூண்டது, கதவும் திறந்தது. அந்த ஒரே பருவத்தில் கேத்தரின் டிராட்டர், டெலரிவியர் மேன்லி, மேரி பிக்ஸ் மூவரும் அரங்கேறினர். டிராட்டரின் முதல் நாடகத்தில் ஆசிரியர் பெயருக்குப் பதில் ‘ஓர் இளம்பெண்’ என்றே இருந்தது. இம்மூவரையும் கேலி செய்து ‘தி ஃபீமேல் விட்ஸ்’ என்ற நாடகமும் வந்தது.

அதே பருவத்தில் வந்தவர் ‘அரியாட்னி’. பென் மறைந்த பிறகே தன் எழுத்துக்குத் துணிவு பிறந்ததாக முன்னுரையில் சொன்ன இவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது இவர்தான்.

தமிழில் இந்தக் கதை வேறு வழியில் போனது. வை. மு. கோதைநாயகி 1924இல் தம் முதல் நூலான ‘இந்திர மோகனா’ நாடகத்தைத் தம் பெயரிலேயே வெளியிட்டார். ஸ்ரீரங்கத்து ரங்கநாயகியோ ‘குமுதினி’ என்ற புனைபெயரில் எழுதினார்.

லண்டனில் சுசானா சென்ட்லிவர் 1700இல் சொந்தப் பெயரில் தொடங்கி, பிறகு பெயரை விலக்கினார். 1703இல் பதிப்பாளர் அவர் நாடகத்துக்கு வேறு யாருடையவோ முதலெழுத்துகளைப் போட்டார். அவருடைய ‘தி கேம்ஸ்டர்’ நாடகத்தை மூன்று நான்கு முறை பார்த்து மகிழ்ந்த ஒருவர், எழுதியது பெண் என்று புத்தகக் கடையில் கேட்டதும் புத்தகத்தை எறிந்துவிட்டுப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டாராம். 1707இல் இதைச் சென்ட்லிவரே அச்சில் எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து வந்த அவருடைய ‘தி பிஸி பாடி’ நூறாண்டுக்கு மேல் மேடையில் நின்றது.