தேக்கா என்னும் முகவரி: சிராங்கூனில் வரலாறு வீட்டு விலையான விதம்

சிங்கப்பூரில் வீடு விற்போர் அதன் பரப்பளவையும் தளத்தையும் ரயில் நிலையத்துக்கு உள்ள தொலைவையும் சொல்வதோடு நில்லாமல், அது அமைந்திருக்கும் வட்டாரத்தின் பழமையையும் அங்கு வாழும் சமூகத்தின் இயல்பையும் சேர்த்துச் சொல்வது இன்று பரவலான வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் எப்படி உருவாயிற்று என்பதை அறிய, நகரின் மிகப் பழைய சாலைகளுள் ஒன்றான சிராங்கூன் சாலையையும் அதனைச் சுற்றிய பகுதிகளையும் விட ஏற்ற இடம் வேறில்லை. இங்கு நிலத்தின் மதிப்பை முதலில் நீரும் கால்நடையும் முடிவு செய்தன. அடுத்து வாடகைச் சட்டம் முடிவு செய்தது. இறுதியில் வட்டாரத்தின் கடந்தகாலமே விலைக்குரிய பொருளாயிற்று.

சதுப்பு நிலத்தில் வாழும் ‘ராங்கோங்’ என்னும் பறவையின் மலாய்ப் பெயரிலிருந்து சிராங்கூன் என்ற பெயர் வந்தது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இச்சாலையோரம் செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இயங்கின. வீரமாகாளியம்மன் கோயிலைச் சுற்றிய பகுதியைத் தமிழர்கள் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றழைத்தனர். சிற்றூரைக் குறிக்கும் ‘கம்போங்’ என்னும் மலாய்ச் சொல் தமிழ் நாவில் ‘கம்பம்’ ஆகத் திரிந்தது. வளர்ந்துவந்த நகரத்துக்குச் செங்கல்லையும் சுண்ணாம்பையும் கொடுத்தவர்கள் வாழ்ந்த இடம் இது என்பதால், இன்று மரபுடைமை என்று போற்றப்படும் கட்டடங்களின் வரலாறு, அவற்றின் உரிமையாளர்களின் பெயர்களிலிருந்து தொடங்குவதைக் காட்டிலும் இக்காளவாய்களிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.

1843இல் இப்பகுதியில் குதிரைப் பந்தயங்கள் தொடங்கியதும் பந்தயத் திடலைச் சுற்றி ஐரோப்பியர் சிலர் மாளிகைகள் கட்டிக்கொண்டனர். அதே காலத்தில் ரோச்சோர் ஆற்றின் நீரும் தாழ்நிலப் புல்லும் மாட்டு வணிகர்களை ஈர்த்தன. கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்னும் யூத வணிகர் பெரிய அளவில் மாடுகளை இறக்குமதி செய்தார். கால்நடைத் தொழிலில் இந்தியர்கள் பெருமளவில் வேலைக்கு அமர்ந்தனர். பந்தயத் திடலின் செல்வமும் மாட்டுக் கொட்டிலின் உழைப்பும் அடுத்தடுத்தே வளர்ந்தன. தெருப் பெயர்கள் இதை இன்றும் காட்டுகின்றன. எருமையின் பெயரில் பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும், பசுவின் மலாய்ப் பெயரில் லெம்பு ரோடும் நிற்க, டன்லப், டெஸ்கர், நோரிஸ், பெலிலியோஸ் ஆகிய தெருக்கள் அதிகாரிகளின் பெயரையும் நிலத்தையோ மந்தையையோ உடையவராக இருந்தோரின் பெயரையும் தாங்குகின்றன.

சதுப்பு நிலம் தூர்க்கப்பட்டு மாட்டுத் தொழில் ஒடுங்கியபின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதியைக் கடைவீடுகள் நிறைத்தன. கடைவீடு என்பது கீழ்த்தளத்தில் வணிகமும் மேல்தளத்தில் குடியிருப்புமாக, பொதுச்சுவர்களைப் பகிர்ந்து வரிசையாக நிற்கும் கட்டடம். குறுகிய முகப்பும் நீண்ட உட்புறமும் கொண்டதால், நடுவே திறந்த முற்றம் ஒன்று வைத்து வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே வரவழைத்தனர். முன்புறத்தில் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்கத் தொடர்ச்சியான தாழ்வாரம் விடவேண்டும் என்ற விதி, 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகர அமைப்புக் கட்டளைகளிலிருந்து வந்தது. அந்தத் தாழ்வாரத்தைத் தமிழர்கள் ‘அஞ்சடி’ என்று வழங்கினர். சட்டப்படி அது நடைபாதை. வாழ்க்கையிலோ பூக்கட்டுவோரும் வெற்றிலை விற்போரும் தையற்காரரும் பிழைப்பு நடத்திய இடமாக இருந்தது. மேல்தளங்களில் தனியாட்களாக வந்த தொழிலாளர்கள் பலர் ஒரே அறையைப் பகிர்ந்து தங்கினர். வட்டாரத்தின் இயல்பு என்று பிற்காலத்தில் விளம்பரங்கள் பேசியது, அஞ்சடியும் மேல்மாடியும் சேர்ந்து உண்டாக்கிய இந்த நெருக்கமான வாழ்வைத்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இவ்வீடுகளின் மதிப்பை வேறு வழியில் நிர்ணயித்தது. பழைய கட்டடங்களின் வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்தி வைத்த அச்சட்டத்தால், எளியவர்களால் நகர நடுவில் தங்க முடிந்தது. சிறு வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே முகவரியில் கடை நடத்தினர். மறுபக்கம், செலவிட்டால் திரும்பாது என்பதால் உரிமையாளர்கள் கூரையையும் படிக்கட்டையும் பழுதுபார்க்காமல் விட்டனர். சமூகத்தைக் காத்த அதே சட்டம் கட்டடத்தை நலியவிட்டது. 2001இல் அது முழுமையாக நீக்கப்பட்டபோது நிலைமை தலைகீழாயிற்று: கட்டடங்கள் சீராயின, குறைந்த வாடகையை நம்பியிருந்தோரின் பிடிமானம் தளர்ந்தது.

இதற்கிடையே, 1960இல் அமைக்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் 1964இல் தொடங்கிய வீட்டு உடைமைத் திட்டமும் பெரும்பாலான மக்களை அடுக்குமாடி வீடுகளின் உரிமையாளர்களாக்கின. 1989 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஒவ்வொரு கட்டடத்திலும் அக்கம்பக்கத்திலும் ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை விழுக்காடு வரை வீடு வைத்திருக்கலாம் என்று வரம்பு விதித்தது. இந்தியர்களையும் பிறரையும் சேர்த்து அப்போது வகுத்த வரம்பு, அக்கம்பக்கத்தில் 10 விழுக்காடு, கட்டடத்தில் 13 விழுக்காடு. 2010இல் இவை முறையே 12, 15 என உயர்ந்தன. ஓர் இனத்தின் வரம்பு நிரம்பிய கட்டடத்தில் வேறு இனத்தைச் சேர்ந்த உரிமையாளர் அந்த இனத்தவருக்கு வீட்டை விற்க இயலாது. வாங்குவோர் வட்டம் சுருங்குவதால் சிறுபான்மையினர் சிலர் விலையிலும் காலத்திலும் இழப்பைச் சந்திக்க நேர்ந்தது. தனி இனக் குடியிருப்புகள் உருவாகாமல் தடுத்த இக்கொள்கையின் நற்பயனை மறுக்க முடியாது. ஆயினும் அதன் விளைவு ஒன்றை இவ்வரலாற்றில் குறித்தாக வேண்டும்: பொதுக் குடியிருப்புகளில் தமிழர் தீவெங்கும் கலந்து வாழ, சிராங்கூனின் தமிழ்த்தன்மை வீடுகளிலிருந்து பிரிந்து கோயிலிலும் சந்தையிலும் கடைகளிலும் தங்கிற்று. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அச்சாலையை நிரப்பும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தொலைதூரத் தங்கும் விடுதிகளிலிருந்து வருபவர்கள். வட்டாரத்துக்கு இயல்பைக் கொடுப்பவர்கள் அங்கு வீடு வாங்குபவர்களாக இருப்பதில்லை.

அதே 1989ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், நகர மறுசீரமைப்பு ஆணையம் லிட்டில் இந்தியாவைப் பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் வெளியிட்டது. லிட்டில் இந்தியா என்ற பெயரே சுற்றுலாத் துறை 1980களில் பரப்பியதாகும். இயன்றவரை பழையதை வைத்துக்கொள்ளுதல், பொருந்தும்படி மீட்டமைத்தல், கவனத்தோடு பழுதுபார்த்தல் என்பன பாதுகாப்பின் மூன்று நெறிகள். முகப்பின் சுதைவேலையும் மரச்சன்னலும் ஓட்டுக்கூரையும் முற்றமும் இவற்றால் காக்கப்பட்டன. இடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு விலையைக் குறைக்கும் என்று தோன்றலாம். ஆனால் இனி யாராலும் புதிதாகக் கட்ட முடியாத கட்டடம் என்ற அருமையே விலையை ஏற்றிற்று. எனினும் இந்நெறிகள் மரத்துக்கும் சுண்ணாம்புக்கும் வகுத்தவை. மாவரைத்தவரையும் மாலை கட்டியவரையும் காக்கும் பிரிவு அவற்றில் இல்லை. அக்குறையை ஓரளவு நிரப்பிய முயற்சிகளுள், கேம்பல் லேனுக்கும் ஹேஸ்டிங்ஸ் ரோட்டுக்கும் இடைப்பட்ட பழைய கடைவீடுகளை இந்து அறக்கட்டளை வாரியம் ஏற்று, மீட்டமைத்து, லிட்டில் இந்தியா ஆர்க்கேடாக நடத்தி வருவது குறிப்பிடத்தக்கது.

கட்டடமே இல்லாத இடத்தில் பெயர் மட்டும் விற்பனைக்கு வந்ததையும் அருகிலேயே காணலாம். 1923இல் தொடங்கிய நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்கா இருந்த நிலத்தில் இன்று சிட்டி ஸ்குவேர் கூட்டுரிமைக் குடியிருப்பும் கடைத்தொகுதியும் நிற்கின்றன. பூங்காவின் பழைய நுழைவாயில் நினைவாக நிறுத்தப்பட்டுள்ளது. மேல் சிராங்கூன் சாலையையொட்டிய பிடாதாரியில், 1907 முதல் 1972 வரை இயங்கிய இடுகாட்டின் கல்லறைகள் தோண்டி அகற்றப்பட்டபின் புதிய குடியிருப்புப் பேட்டை எழுந்தது. அங்குள்ள திட்டங்கள் பலவற்றுக்கு, அருகே ஜப்பானியப் பாணியில் தோட்டமும் ஏரியும் அமைத்த அல்காஃப் குடும்பத்தின் பெயர் சூட்டப்பட்டது. வானுலக மங்கையைக் குறிக்கும் பிடாதாரி என்னும் மலாய்ச் சொல் ‘வித்யாதரி’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. அல்காஃப் குடும்பத்தின் பெயர் வீட்டுத் திட்டங்களுக்கு ஏறியது; பல்லாயிரம் பேர் அங்கு அடக்கமாகியிருந்த நினைவை, விற்பனைக்கு உதவாவிடினும், மரபுடைமை நடைபாதையும் நினைவுத் தோட்டமும் தாங்க வேண்டியிருந்தது. வரலாற்றைச் சொல்லி விற்கும் தொழிலில் எது சொல்லப்படுகிறது என்பதோடு எது ஒதுக்கப்படுகிறது என்பதும் கருதத்தக்கது.

அவ்வாறு சூட்டும் பெயர்களுள் எது நிலைக்கும் என்பதற்குத் தேக்கா சந்தையே சான்று. மூங்கிலடி என்று பொருள்படும் ஹொக்கியன் சொல்லிலிருந்து பிறந்த இப்பெயரைத் தமிழர், சீனர், மலாய்க்காரர் அனைவரும் வழங்கினர். பழைய சந்தை 1982இல் சாலையின் எதிர்ப்புறத்துப் புதிய கட்டடத்துக்கு மாறியபோது, அப்பெயரின் மாண்டரின் ஒலிப்பில் ‘சூஜியாவ்’ என்ற பெயர் சூட்டப்பட்டது. மீன் வாங்க வந்தவர்களும் கறிவேப்பிலை விற்றவர்களும் தேக்கா என்றே சொல்லி வந்தனர். 2000இல் பலகையும் அவர்களைப் பின்பற்றித் தேக்கா நிலையம் ஆயிற்று. பழைய சந்தை இருந்த நிலத்தில் எழுந்த கடைத்தொகுதியும் தேக்கா மால் என்று தொடங்கி, ‘த வெர்ஜ்’ என்று மாறி, இடிக்கப்பட்டு, மீண்டும் தேக்கா பிளேஸ் என்ற பெயரோடுதான் எழுந்தது. சிராங்கூனில் ஒரு வீட்டை அதன் வரலாற்றோடு சேர்த்து வாங்குபவர் உண்மையில் விலை கொடுப்பது, நாள்தோறும் அப்பெயரைச் சொல்லிச் சந்தைக்கு வருபவர்களின் உழைப்புக்குத்தான். அவர்கள் வந்து போவதற்கான வாடகையும் இடமும் அங்கே தொடர்ந்து இருக்கும் வரையில்தான் விற்பவரின் சொல் மெய்யாக இருக்கும்.