துலாவும் எண்ணெய்க் கிணறும்



கிணற்றை நம்பி வாழும் வன்னி மக்களாகிய நமக்கு எண்ணெய்க் கிணற்றின் வரலாறும் தூரத்துக் கதையல்ல.

நம் மூத்தோர் துலாவால் இறைத்தார்கள். முன்னால் பட்டை, பின்னால் பாரம். பெரிய துலாவென்றால் ஆளே ஏறி மிதித்தார். 1925இல் அமெரிக்காவின் டெக்சாசில் வோல்டர் ட்ரவுட் வடிவமைத்த எண்ணெய் இறைக்கும் இயந்திரத்திலும் அதே தத்துவம்தான். ஒரு பக்கம் கிணற்றுக்குள் இறங்கும் இரும்புக் கம்பிகள், அவற்றின் சுமையைத் தாங்க மறுபக்கம் எதிர்ப்பாரம். நிலத்தடி அமுக்கம் குறைந்து எண்ணெய் தானாக மேலே வராதபோது இப்படித்தான் இறைக்கிறார்கள்.

துலாவில் பட்டை அரைகுறையாக வந்தால் இறைப்பவரின் கைக்கே தெரியும். நிறுத்தி, ஊற விடுவார். இயந்திரத்துக்கு அது தெரியாது. பம்பு பாதி வெறுமையாக இருந்தால் ஒவ்வொரு இறக்கத்திலும் எண்ணெயில் மோதி அதிரும். நாளடைவில் கம்பிகள் முறியும். 1966இல் கிப்ஸ், நீலி என்ற இருவர், தரையில் அளக்கும் பாரத்தை வைத்தே ஆழத்தில் பம்பு எப்படி இயங்குகிறது என்று கணினியால் கண்டறியும் முறையை வெளியிட்டார்கள். இன்றைய தானியங்கிக் கருவிகள் ஒவ்வொரு இழுப்பின் பாரத்தையும் பார்த்து, கிணறு வற்றினால் நிறுத்தி, ஊற நேரம் விட்டு மீண்டும் தொடங்குகின்றன. துலா மிதித்தவரின் அறிவைத்தான் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் 1974இல் மன்னார் பேசாலையில் எண்ணெய் தேடித் துளையிட்டார்கள். 2011இல் மன்னார்க் கடலில் எரிவாயு கண்டார்கள். எரிவாயு இன்னும் கரைக்கு வரவில்லை. ஆனால் இந்தப் பாடம் நம் தண்ணீர்க் கிணறுகளுக்கு இன்றே தேவை.

போர்க்காலத் தடையில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் பம்புகள் நின்றன. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. எண்ணெய்ச் செலவு நம்மை வாட்டியது உண்மை. ஆனால் அதுவே நம் கையைக் கட்டியும் வைத்திருந்தது. இப்போது சூரிய பம்புகள் வருகின்றன. வெயிலுக்குக் காசில்லை. அப்படியென்றால் இறைப்பை யார் நிறுத்துவது?

1990இல் வெளியேற்றப்பட்டுத் திரும்பிய நாமும், இறுதிப் போரில் இடம்பெயர்ந்து திரும்பிய நம் அயலவர்களும் வளவுக்குள் கால் வைத்ததும் தேடியது கிணற்றைத்தான். சேறும் குப்பையும் அள்ளி, ஊற்றைக் கண்ட பிறகுதான் இங்கே இருக்கலாம் என்ற நம்பிக்கை வந்தது.

ஆகவே பம்பு பூட்டும்போது, தண்ணீர் வற்றினால் தானாக நிற்கும் சுவிட்சையும் கேட்டுப் பூட்டுவோம். ஊற்றுக்கு வேலி கிடையாது. நாம் அளவு மீறி இறைத்தால் பக்கத்து வளவுக் கிணறும் வற்றும்.