இந்திய அயலாக்கத் துறையில் ஆங்கிலத் தொடர்பாற்றல் பயிற்சியின் வரலாறு

அயல்நாட்டு நிறுவனங்களின் பணிகளை இந்தியாவிலிருந்து செய்துதரும் அயலாக்கத் துறை 1990களின் பிற்பகுதியில் வேகமாக வளர்ந்தது. அவுட்சோர்சிங் என்று பரவலாக அழைக்கப்படும் இத்துறையுடன் சேர்ந்து ஆங்கிலத் தொடர்பாற்றல் பயிற்சியும் வளர்ந்தது. தொடக்கத்தில் வெளிநாட்டவரைப் போல ஒலிப்பதே அதன் நோக்கமாக இருந்தது. பின்னர் தெளிவாகப் புரியும்படி பேசுவதும், வாடிக்கையாளரின் தேவையைச் சரியாகப் புரிந்துகொள்வதும் முதன்மை பெற்றன.

பின்னணி

டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனம் 1985இல் பெங்களூரில் வடிவமைப்பு மையத்தைத் தொடங்கியது. இத்தகைய பணிகளுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தைப் படிக்கவும் எழுதவும் தெரிந்தால் போதுமானதாக இருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் குழுமம் 1997இல் குர்கானில் தொடங்கிய சேவை மையமும், அதைத் தொடர்ந்து வந்த அழைப்பு மையங்களும் நிலைமையை மாற்றின. 1999ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கையும், 2002இல் பன்னாட்டு அழைப்புச் சேவையில் தனியுரிமை முடிவுக்கு வந்ததும் இம்மையங்களின் வளர்ச்சிக்கு உதவின. சென்னையில் 1999இல் ஆபீஸ்டைகர் நிறுவனமும், 2000இல் டைடல் பூங்காவும், 2001இல் உலக வங்கியின் பின்னலுவலகமும் தோன்றின.

பள்ளி ஆங்கிலமும் பேச்சு ஆங்கிலமும்

இப்பணிகளுக்கு வந்த பட்டதாரிகள் பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்தவர்களே. எனினும் அது பெரும்பாலும் பாடநூலும் இலக்கணமும் சார்ந்த ஆங்கிலமாக இருந்தது. இக்குறையை நீக்கும் முயற்சி தென்னிந்தியாவில் முன்பே நடந்திருந்தது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர் திட்டத்தில் பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் சில பள்ளிகள் இடம்பெற்றன. மாணவர்களுக்கு இலக்கண விதிகளை நேரடியாகக் கற்பிக்காமல், கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொண்டு சிக்கல்களைத் தீர்க்கும் செயல்கள் தரப்பட்டன. பொருளில் மனம் ஊன்றும்போது மொழி தானாகப் படியும் என்பது பிரபுவின் கருத்து. செயல்வழி மொழிக் கற்பித்தலின் முன்னோடி என்று உலக அளவில் பேசப்படும் திட்டம் இது. ஆயினும் பொதுத்தேர்வுகள் எழுத்துத் தேர்வாகவே நீடித்ததால், வகுப்பறைகளில் பேச்சுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

உச்சரிப்புப் பயிற்சிக் காலம்

தொடக்கக்கால அழைப்பு மையங்கள் பணியாளர்களுக்கு அமெரிக்க, பிரித்தானிய உச்சரிப்பைப் பழக்கின. பலர் பணி நேரத்தில் ஆங்கிலப் பெயரைச் சூட்டிக்கொண்டனர். ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர்களும் பயிற்சிக்குப் பயன்பட்டன. பேச்சில் தெரியும் தாய்மொழித் தாக்கத்தை அகற்ற வேண்டிய குறையாகவே பயிற்சியாளர்கள் கருதினர்.

தமிழரைப் பொறுத்தவரை இத்தாக்கம் சில இடங்களில் பொருளையே மாற்றக்கூடியது. முதுகு, பை, பொட்டலம் ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்தில் ‘பேக்’ என்றே எழுதப்படுகின்றன. குடிக்கும் காபியும், ஆவணத்தின் படியைக் குறிக்கும் காபியும் அவ்வாறே. நேரில் பேசும்போது முகக்குறிப்பும் சூழலும் உதவும். தொலைபேசியில் ஒலி மட்டுமே துணை.

ஆனால் உச்சரிப்பு மட்டும் சிக்கலாக இருக்கவில்லை. டெல் நிறுவனம் 2003 நவம்பரில் தன் நிறுவன வாடிக்கையாளர் சிலரின் தொழில்நுட்ப உதவி அழைப்புகளைப் பெங்களூரிலிருந்து அமெரிக்காவுக்குத் திருப்பியது. உச்சரிப்பு புரியவில்லை என்பதுடன், எழுதிவைத்த விடைகளையே பணியாளர்கள் படிக்கிறார்கள் என்பதும் வாடிக்கையாளர்களின் குறையாக இருந்தது.

பொருள் தெளிவை நோக்கி

இதன்பின் வட்டாரச் சாயல் குறைந்த நடுநிலை உச்சரிப்பு, கவனித்துக் கேட்டல், மின்னஞ்சல் எழுதுதல் ஆகியவை பயிற்சியில் கூடுதல் இடம் பெற்றன. இந்திய ஆங்கில வழக்குகளும் கவனத்துக்கு வந்தன. இங்கு ‘டவுட்’ என்றால் கேட்க வேண்டிய ஐயம். வெளிநாட்டவர் அதை நம்பிக்கையின்மை என்று கொள்ளக்கூடும். ‘கேட்டுக்கொண்டேன்’ என்ற பொருளில் சொல்லும் ‘எஸ்’, ‘ஒப்புக்கொண்டேன்’ என்று புரிந்துகொள்ளப்படலாம். 03/04 என்பது இந்தியாவில் ஏப்ரல் 3; அமெரிக்காவில் மார்ச் 4. இலட்சம், கோடி என்ற கணக்கும் அங்கு வழக்கில் இல்லை. ஒப்படைப்பு நாளிலோ தொகையிலோ நேரும் இத்தகைய குழப்பம் ஒப்பந்தத்தையே பாதிக்கக்கூடும். எனவே கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லி உறுதிசெய்வதும், மாதத்தின் பெயரை எழுத்தில் குறிப்பதும், புரியாதபோது தயங்காமல் கேட்பதும் பயிற்சியின் அடிப்படைப் பழக்கங்களாயின.

வேலைவாய்ப்பில் தாக்கம்

நாஸ்காம் அமைப்பும் மெக்கின்சி நிறுவனமும் 2005இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியத் தொழில்நுட்பப் பட்டதாரிகளில் சுமார் 25 விழுக்காட்டினரே அயலாக்கப் பணிகளுக்கு ஏற்றவர்கள் என மதிப்பிட்டது. மொழித்திறனும் இதற்கொரு காரணமாகக் கூறப்பட்டது. குழு உரையாடல் சுற்று, தமிழ்வழியில் பயின்ற சிற்றூர் மாணவர்களுக்குப் பெருந்தடையாக இருந்தது. பாட அறிவு இருந்தும் பேசத் தயங்கியவர்கள், அதை வெளிப்படுத்தும் முன்பே விலக்கப்பட்டனர். 2010ஆம் ஆண்டளவில் குரல்வழிச் சேவையில் பிலிப்பைன்ஸ் இந்தியாவை முந்தியது. அமெரிக்க ஆட்சிக்காலம் முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் அமெரிக்க ஆங்கிலம் வேரூன்றியிருந்தது இதற்கு ஒரு காரணம்.

பயிற்சிப் பொறுப்பு மெல்ல நிறுவனங்களிடமிருந்து கல்லூரிகளுக்கும் அரசுக்கும் விரிந்தது. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஆங்கிலத் தொடர்பாற்றல் பயிற்சியும் இடம்பெற்றுள்ளது.

அண்மைக்கால மாற்றம்

டெலிபெர்பார்மன்ஸ் நிறுவனம் இந்தியப் பணியாளர்களின் உச்சரிப்பைப் பேசும்போதே மாற்றித்தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளைப் பயன்படுத்துவதாக 2025இல் செய்திகள் வெளியாயின. ஒரு காலத்தில் பயிற்சியின் மையமாக இருந்த உச்சரிப்பை இவ்வாறு கருவியிடம் ஒப்படைக்க இயலும். ஆனால் பேசுபவர் சொல்லாமல் விட்டதைக் கேட்டறிவதும், தவறைத் தயங்காமல் சுட்டிக்காட்டுவதும் பணியாளரின் பொறுப்பாகவே உள்ளன. வகுப்பறையில் வாய்திறந்து கேள்வி கேட்கப் பழகிய மாணவருக்கு இத்திறன்கள் எளிதில் கைகூடும்.