துரையின் சொல்லும் தொழிலாளியின் மொழியும்

ஆராயாது அளித்த தீர்ப்பு ஓர் அரசனின் உயிரையும் ஒரு மாநகரையும் விலையாகக் கொண்டது எனச் சிலப்பதிகாரம் நமக்குக் கற்பிக்கின்றது. பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன், கோவலனையும் அழைத்து வினவியிருப்பானாயின் காப்பியத்தின் போக்கே மாறியிருக்கும். குற்றஞ்சாட்டப்பட்டவன் பேச்சையும் கேட்டல் வேண்டும் என்னும் அவ்வறம் நம் தோட்டப்புறங்களை வந்தடைந்த வரலாறு நெடியது.

தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறுவோர் முதலில் காணும் சிற்றூர் ரிங்லெட். அதனை அடுத்த மலைச்சரிவுகளில் 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். மலைச்சாரலில் காடழித்துக் கன்று நட்டுக் கொழுந்தெடுத்தோருள் தமிழர் பலர். ஒப்பந்தக்கூலி முறை 1910இலேயே ஒழிந்திருந்தது. வேலையை விட்டு ஓடியவரைச் சிறையிலிடும் சட்டமும் 1920களில் நீங்கிற்று. எனினும் மலாயாவின் தோட்டங்களில் துரையின் அதிகாரம் குறையவில்லை. குற்றஞ்சாட்டுபவரும் அவரே, தீர்ப்பளிப்பவரும் அவரே. பிரட்டுக்களத்தில் வேலையில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். வேலையோடு லயத்து வீடும் போய்விடும். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது, 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தக் கோரிக்கைகளுள் ஒன்று. அக்கால நிலையை உணர இஃதொன்றே சாலும்.

1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட வேலைச் சட்டத்தின் பதினான்காம் பிரிவு, தவறான நடத்தைக்காக ஒருவரை நீக்குமுன் முறையான விசாரணை வேண்டும் என்றது. விசாரணைக்காக அவரை இரண்டு வாரத்திற்கு மேல் நிறுத்தி வைத்தலாகாது. அந்நாள்களில் பாதிச் சம்பளமேனும் தரல் வேண்டும். குற்றம் மெய்ப்படாவிடின் பிடித்த சம்பளத்தை முழுமையாகத் திருப்பித் தரல் வேண்டும்.

இதனையே உள்விசாரணை என்பர். குற்றம் இன்னதென எழுத்தில் தெரிவித்தல், மறுமொழிக்குக் காலம் அளித்தல், புகார் கூறியவரே நடுவராக அமராதிருத்தல், சாட்சியைக் குறுக்கு வினாவ இடந்தருதல், நடந்தவற்றைப் பதிவு செய்தல் ஆகியவை அதன் நெறிகள். தீர்ப்பில் நியாயம் இல்லையெனக் கருதுவோர், 1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டப்படி, நீக்கப்பட்ட அறுபது நாள்களுக்குள் முறையிடலாம். இணக்கம் ஏற்படாவிடின் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்திற்குச் செல்லும். உள்விசாரணையில் நேர்ந்த குறையை அந்நீதிமன்றமே புதிதாக ஆராய்ந்து சரிசெய்யலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 1995இல் தெளிவுறுத்தியது. ஆகவே விசாரணை பிழைபட்டது என்பதொன்றே தொழிலாளிக்கு வெற்றி தராது. தம் பக்கச் சான்றுகளை அவர் காத்து வைத்தல் வேண்டும்.

சான்றினைக் காப்பதற்கு எழுத்தறிவு வேண்டும். விசாரணைப் பதிவேடு மலாயிலோ ஆங்கிலத்திலோ அமைதல் வழக்கம். தமிழில் கூறியது பிறமொழியில் எழுதப்பெறும்போது, மறுத்தவன் ஒப்புக்கொண்டவனாகவும் ஆகிவிடக்கூடும். பொருள் அறியாது இட்ட கைந்நாட்டு, பேசாது நின்றதினும் கேடு பயப்பது. தமிழாசிரியர்கள் மாணவர்க்குக் கடிதம் எழுதப் பயிற்றும்போது, முறையீடும் மறுமொழியும் எழுதப் பயிற்றுவார்களாயின் அது சிறு தொண்டு ஆகாது.

இன்று மலைச்சாரலில் கொழுந்தெடுப்போருள் பிற நாட்டினர் பலர். மொழி தெரியாது துரைமுன் நின்ற நம் பாட்டன் பாட்டியரின் நிலை இன்று அவர்களுடையது. விசாரணை அவர்களுக்கும் விளங்கும் மொழியில் நடத்தல் வேண்டும் எனக் குரல் கொடுக்கும் கடமை, அத்துன்பத்தை முன்னர் அறிந்த நமக்கே முதலில் உரியது.