‘கடவோம்’ முதல் ‘வேண்டும்’ வரை: மருத்துவமனைக் கட்டட விதிகளும் தமிழில் கடமைப் பொருளும்

1. முன்னுரை

மருத்துவமனைக் கட்டடங்களுக்கான பாதுகாப்பு விதிகள் பொறியாளருக்கு மட்டுமே உரியவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தூணின் கனம், படிக்கட்டின் அகலம், நீர்த்தொட்டியின் கொள்ளளவு ஆகியவற்றைக் கணக்கிடுவோர் அவர்களே என்பதில் ஐயமில்லை. ஆயினும் விதி என்பது முதலில் ஒரு வாக்கியம். யார், எதனை, எவ்வளவு கட்டாயமாகச் செய்ய வேண்டும் என்பதை அவ்வாக்கியத்தின் வினைமுற்றே உணர்த்துகிறது. அவ்வகையில் மருத்துவமனை விதிகளின் வரலாறு மொழி வரலாற்றின் ஒரு பகுதியும் ஆகும்.

தெற்கு அந்தமான் தீவின் மேற்குக் கரையில் உள்ள வண்டூர் இச்சிக்கலுக்குப் பொருத்தமான தொடக்கம் ஆகும். 1983இல் நிறுவப்பெற்ற மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் நுழைவாயிலாக இவ்வூர் அறியப்படுகிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஏற்பட்ட நிலநடுக்கத்தின்போது தெற்கு அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. கரையோர மரங்கள் உப்புநீரில் பட்டுப்போயின. இவ்வூரார் பெரிய மருத்துவத்திற்கு 30 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில் உள்ள தலைநகருக்கே செல்ல வேண்டியுள்ளது. போர்ட் பிளேர் என வழங்கிய அந்நகர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு 15 பேர். தீவுகளின் ஆட்சி இந்தியிலும் ஆங்கிலத்திலும் நடைபெறுகிறது. எனவே, கட்டட விதி தமிழருக்கு மொழிபெயர்ப்பின் வழியாகவே எட்ட இயலும். அம்மொழிபெயர்ப்பில் எது நிலைபெறுகிறது, எது நழுவுகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. பழைய மரபு: கடமைக்கு உரியவர்

நோயாளருக்கான கட்டடம் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு இந்திய மரபில் உள்ள பழஞ்சான்றுகளுள் ஒன்று சரக சம்ஹிதையின் சூத்திரத்தானம், பதினைந்தாம் இயல் ஆகும். கட்டடம் உறுதியாக இருத்தல், பெருங்காற்று நேரே தாக்காதிருத்தல், ஒரு பகுதியில் காற்றோட்டம் இருத்தல், நடமாட எளிதாக இருத்தல், புகை, வெயில், நீர், தூசு ஆகியன அணுகாதிருத்தல் ஆகிய இயல்புகள் அங்குக் கூறப்படுகின்றன. அவ்வாக்கியத்தின் எழுவாய் கட்டடம் அன்று. கட்டடக் கலையில் வல்லவன் ஒருவன். வீட்டை முதலில் அமைத்துத் தருவது அவன் வேலை.

தமிழ்ச் சான்றுகளுள் தலையாயது காஞ்சிபுரம் பகுதியில் உள்ள திருமுக்கூடல் கோயிற் கல்வெட்டு. சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்தது. பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. கோயிலைச் சார்ந்து இயங்கிய ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர் சாலையில் பதினைந்து நோயாளர் தங்க வழி செய்யப்பட்டிருந்தது. மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர், பணிப்பெண்கள், நாவிதர், நீர் கொணர்வோர் என ஆட்கள் எண்ணிக் கூறப்பெறுகின்றனர். ஏறத்தாழ இருபது மருந்துகளின் பெயர்களும் இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெயும் அப்பட்டியலில் உள்ளன. ஆதுலர் சாலையைப் பற்றிய பகுதி சுவரையும் கூரையையும் அளந்து காட்டவில்லை. ஆளையும் ஊதியத்தையும் அளந்து காட்டுகிறது. இரவு விளக்கும் நீர் கொணர்வோரும் இன்றைய நோக்கில் பாதுகாப்பு ஏற்பாடுகளே. அவ்வேற்பாடு ஒவ்வொன்றுக்கும் பின்னால் நெல்லோ காசோ பெறும் ஒருவர் இருந்தார்.

சோழர் காலக் கொடைக் கல்வெட்டுகளின் பொதுவான வினையமைப்பும் இதனோடு ஒத்துச் செல்கிறது. விளக்கெரிக்கும் பொறுப்பை ஏற்ற சபையார் ‘எரிக்கக் கடவோம்’ என்று எழுதிக்கொடுத்தனர். ‘கட’ என்னும் வினையடி கடப்பாட்டை உணர்த்துவது. ‘கடவேன், கடவோம், கடவாய், கடவன், கடவார்’ என அது திணை பால் எண் இட விகுதிகளை ஏற்கும். ஆகவே கடமையும் கடமைக்கு உரியவரும் ஒரே சொல்லில் வெளிப்பட்டனர். விளக்கு அணைந்தால் யாரைக் கேட்பது என்னும் வினாவுக்கு விடை வினைமுற்றிலேயே இருந்தது.

3. ‘வேண்டும்’ என்னும் துணைவினை

பிற்காலத் தமிழில் ‘கடவ’ என்பதன் இடத்தை ‘வேண்டும்’ பெரிதும் கைப்பற்றியது. ‘கடவது’ என்பது வாழ்த்திலும் சாபத்திலும் கிறித்தவ மறைநூல் நடையிலும் தங்கிவிட்டது. ‘வேண்டும்’ தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் வேறுபாடின்றி ஒரே வடிவில் நிற்பது. ‘நான் செல்ல வேண்டும்’, ‘அவர்கள் செல்ல வேண்டும்’ என எழுவாய் இருக்கும்வரை குழப்பமில்லை. எழுவாய் அஃறிணைப் பொருளாக மாறும்போதே சிக்கல் தோன்றுகிறது. ‘கதவு திறந்திருக்க வேண்டும்’ என்ற வாக்கியத்தில் கடமை கதவின்மேல் ஏறுகிறது. கதவோ கடமையை அறியாது.

இரண்டாவது சிக்கல் கட்டாயத்தின் அளவைச் சார்ந்தது. இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் ஆவணங்களில் ‘ஷால்’ கட்டாயத்தையும் ‘ஷுட்’ பரிந்துரையையும் ‘மே’ இசைவையும் குறிக்கின்றன. தமிழில் முதல் இரண்டும் ‘வேண்டும்’ என்றே பெயர்க்கப்படுவது வழக்கம். எதிர்மறையிலோ தமிழ் நுட்பமானது. ‘கூடாது’ விலக்கையும் ‘வேண்டியதில்லை’ கட்டாயமின்மையையும் குறிக்கும். ‘வேண்டாம்’ இடத்திற்கேற்ப இரண்டையும் தழுவும். உடன்பாட்டில் குறையும் வேறுபாட்டை ‘வேண்டும்’, ‘வேண்டுவது நலம்’, ‘செய்யலாம்’ என்னும் மூன்று வாய்பாடுகளால் நிலைநிறுத்தலாம். ஒரே ஆவணத்தில் இவற்றை மாறாமல் கையாளுதல் இன்றியமையாதது.

4. சிறை நின்ற இடத்தில் மருத்துவமனை

1896 முதல் 1906 வரை கட்டப்பெற்ற செல்லுலார் சிறை மருத்துவமனை விதிகளுக்கு முற்றிலும் எதிரான விதிகளின் வடிவம். நடுக் கோபுரத்திலிருந்து ஏழு கிளைகள் விரிந்தன. ஒரு கிளையின் அறைகள் அடுத்த கிளையின் முதுகையே நோக்கின. தாழ்ப்பாள், கைதியின் கைக்கு எட்டாதவாறு சுவரின் குழிவில் தள்ளி அமைக்கப்பட்டது. எவரும் தாமாக வெளியேற இயலாமையே அக்கட்டடத்தின் நோக்கம். 1941 ஜூன் 26ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் அது பெருஞ்சேதமுற்றது. காலப்போக்கில் நான்கு கிளைகள் இடிக்கப்பட்டு மூன்று எஞ்சின. அவ்வளாகத்தில் 1963இல் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை எழுந்தது. எஞ்சிய சிறைப்பகுதி 1979இல் தேசிய நினைவுச்சின்னம் ஆயிற்று. வெளியேற விடாத கட்டடமும் வெளியேற உதவ வேண்டிய கட்டடமும் இவ்வாறு ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன.

அந்தமான் நிக்கோபார் தீவுகள் நிலநடுக்க அபாயம் மிக்க ஐந்தாம் மண்டலத்தில் வைத்து எண்ணப்பட்டவை. 1962இல் முதன்முதலாக வெளிவந்த நிலநடுக்கத் தரவிதி (ஐ.எஸ். 1893) பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. 2002, 2016 ஆகிய பதிப்புகளில் மருத்துவமனைக்கு முதன்மைக் காரணி 1.5 என விதிக்கப்பட்டது. அதாவது, மருத்துவமனையைச் சாதாரணக் கட்டடத்தைக் காட்டிலும் ஒன்றரை மடங்கு விசைக்கு வடிவமைக்க வேண்டும். அதன் காரணம் வெளிப்படை. பிற கட்டடங்கள் இடிந்து விழாதிருந்தால் போதும். மருத்துவமனையோ நிலம் அதிர்ந்த அதே நாளில் இயங்கவும் வேண்டும். 1971இல் கலிபோர்னியாவின் சான் பெர்னாண்டோ நிலநடுக்கத்தில் புதிதாகக் கட்டிய மருத்துவமனையே சிதைந்தபின், அம்மாநிலம் மருத்துவமனைகளுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. 2001 ஜனவரி 26ஆம் நாள் குஜராத்தின் புஜ் நகரில் அரசு மருத்துவமனை இடிந்தது. காயமுற்றோர் செல்ல வேண்டிய இடமே காயமுற்றோரின் இடமாயிற்று.

5. விதி இருந்தும் விளைந்த சாவு

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970இல் முதற்பதிப்பாக வெளிவந்து 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தம் பெற்றது. மருத்துவமனைகள் அதில் நிறுவனக் கட்டடங்கள் என்னும் பிரிவில் அடங்கும். 2005ஆம் ஆண்டுப் பதிப்பு இவற்றின் படிக்கட்டு குறைந்தது 2 மீட்டர் அகலம் உடையதாக இருத்தல் வேண்டும் என்றது. தூக்குக்கட்டிலில் நோயாளியைச் சுமந்து இறங்க அவ்வளவு இடம் தேவை. எனினும் தொகுப்பு முழுவதும் பரிந்துரை நிலையிலேயே உள்ளது. மாநிலமோ உள்ளாட்சியோ தன் கட்டட விதிகளில் ஏற்றுக்கொண்ட பிறகே அது சட்டமாகும். கட்டாய வினையால் எழுதிய பரிந்துரை நூல் என்னும் இம்முரண் மொழிபெயர்ப்பில் மறைந்துவிடலாகாது.

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் விடுதி ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. உரிமம் பெறாத விடுதி கூடாது என்பதை 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் ஏற்கெனவே கூறியிருந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுவதை வெளிப்படையாக விலக்கியது. 2011 டிசம்பர் 9ஆம் நாள் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனை ஒன்றில் அடித்தளத்தில் எழுந்த தீயின் புகை மேல்தளங்களுக்குப் பரவி 90 பேருக்கு மேல் மாண்டனர். வண்டி நிறுத்துவதற்கென ஒப்புதல் பெற்ற அவ்வடித்தளத்தில் எளிதில் தீப்பற்றும் பொருள்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்தன. இவ்விரு நிகழ்வுகளிலும் விதிக்குப் பஞ்சமில்லை. சங்கிலியை அவிழ்க்கக் கடவார் யார், அடித்தளத்தைக் காலி செய்யக் கடவார் யார் என்னும் வினாக்கள் சாவுக்குப் பிறகே கேட்கப்பட்டன.

6. மொழிபெயர்ப்பாளர் முன் உள்ள பணி

ஆங்கில விதிகள் பெரும்பாலும் செயப்பாட்டு வினையில் அமைந்தவை. அவற்றை அப்படியே பெயர்த்தால் ‘வெளியேறும் வழிகள் தடையின்றி வைக்கப்பட்டிருக்க வேண்டும்’ என்னும் எழுவாய் மறைந்த வாக்கியம் கிடைக்கும். மூலத்தில் இல்லாத எழுவாயை மொழிபெயர்ப்பாளர் சட்டத்தில் சேர்க்க இயலாது. சேர்த்தால் அது திருத்தமாகும். ஆனால் பொறுப்பாளர் சட்டத்தின் வேறொரு பிரிவில் வரையறுக்கப்பட்டிருக்கக்கூடும். அதனைத் தேடிக் கண்டு, அப்பிரிவுக்கு உரிய தமிழ்ச்சொல்லை ஆவணம் முழுவதும் மாறாமல் ஆளுதல் அவர் கடமை. 2010ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் பதிவு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 2012இல் தில்லி நீங்கலான ஒன்றியப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அது அந்தமானுக்கும் உரியது. தமிழ்நாட்டிற்கு 1997ஆம் ஆண்டுத் தனிச்சட்டம் உண்டு. ஒரே பொறுப்பாளரை இரு சட்டங்களின் தமிழாக்கங்கள் இரு பெயரால் அழைத்தால், தீவுத் தமிழர் ஒருவர் சென்னையில் அச்சிட்ட கையேட்டைப் படித்து மயங்க நேரும்.

சட்டத்தினின்று வேறுபட்டவை பணியாளர் அறிவுரைகளும் சுவரெழுத்துகளும். இவற்றில் எழுவாயைக் கூறுவதற்கு எத்தடையும் இல்லை. ‘இரவுப் பணிச் செவிலியர் இக்கதவின் பூட்டை மாலை ஆறு மணிக்குத் திறந்து வைப்பார்’ என்னும் வாக்கியம் ‘கதவு திறந்திருக்க வேண்டும்’ என்பதைவிடப் பயன் மிக்கது.

கலைச்சொல் தேர்விலும் இதே விழிப்பு தேவை. பிற கட்டடங்களில் தீ மூண்டால் மக்கள் வெளியே ஓடுவர். நடக்க இயலாத நோயாளரை அவ்வாறு கொண்டுசெல்ல இயலாது. ஆதலின் மருத்துவமனையில் அவர்களை முதலில் அதே தளத்தில் புகை புகாத அடுத்த பகுதிக்குக் கட்டிலோடு நகர்த்துவதே முறை. இதனை ‘வெளியேற்றம்’ என்று மட்டும் பெயர்த்தால், உடனிருக்கும் உறவினர் நோயாளியைத் தூக்கிக்கொண்டு புகை சூழ்ந்த படிக்கட்டை நாடுவர். ‘அடுத்த பகுதிக்கு நகர்த்துதல்’ என்னும் எளிய தொடர் செயலையும் இடத்தையும் ஒருங்கே உணர்த்துகிறது.

7. முடிவுரை

திருமுக்கூடல் கல்வெட்டு காட்டும் ஆதுலர் சாலை பதினைந்து நோயாளருக்கானது. இன்றைய மருத்துவமனை பன்னூறு படுக்கைகள் கொண்டது. அளவுகளும் பொருள்களும் மாறின, கணக்குகள் நுட்பமடைந்தன. விதியின் வாக்கியமோ தன் எழுவாயை இழந்தது. ‘கடவோம்’ என்பதை இன்றைய உரைநடைக்கு மீட்டல் இயலாது, தேவையும் இல்லை. அச்சொல் தன் விகுதியால் செய்ததை இன்றைய தமிழ் வெளிப்படையான எழுவாயால் செய்யலாம். வண்டூரிலிருந்து நோயாளியோடு தலைநகர் வந்து இரவு முழுதும் கட்டிலருகே விழித்திருக்கும் ஒருவர், புகை எழுந்த நொடியில் தம் மொழியில் தேடுவது ஒரு பெயரையும் ஒரு வினையையும்தான்: யார் வருவார், தாம் என்ன செய்ய வேண்டும். அவ்விரண்டையும் உரிய இடத்தில் எழுதி வைத்தல் பொறியாளரின் பணிக்குச் சற்றும் குறையாத பாதுகாப்புப் பணியாகும்.