குல்மார்க்: பனிச்சறுக்குத் தளத்தின் குறுகிய கால வானிலை

ஜம்மு காஷ்மீரின் பாரமுல்லா மாவட்டத்தில், பீர் பஞ்சால் மலைத்தொடரில் அமைந்த பனிச்சறுக்குத் தளம் குல்மார்க். இதன் புல்வெளி சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து புறப்படும் கோண்டோலா ரோப்கார் இரண்டு கட்டங்களாக ஏறி, அபர்வத் மலையில் 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய்விடுகிறது. இந்த உயர வேறுபாடுதான் இங்கே வானிலைக் கணிப்பைச் சிக்கலாக்குகிறது.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கீழே 3 டிகிரியில் மழை தூறும் அதே வேளையில் மேலே உறைநிலைக்குக் கீழ் 5 டிகிரியில் பனி கொட்டலாம். காற்று அடங்கிய தெளிந்த இரவுகளில் இது தலைகீழாகும்: கனத்த குளிர்காற்று கிண்ணம் போன்ற புல்வெளியில் தேங்க, அடிவாரம் மேட்டைவிட அதிகமாக உறையும். குல்மார்க்கின் வெப்பநிலை என்று ஒற்றை எண்ணைச் சொல்வது சறுக்குபவருக்கு அநேகமாகப் பயனற்றது.

பனியைக் கொண்டுவருவது மத்திய தரைக்கடல் பக்கமிருந்து மேலைக்காற்றோடு நகர்ந்து வரும் காற்றுச் சுழல்கள். வானிலைத் துறையினர் இவற்றை மேற்கத்திய இடையூறு என்பர். டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் நீளும் 'சில்லை கலான்' கடுங்குளிர்க் காலத்திலும் இவை வராமல் போவதுண்டு. 2024 ஜனவரியில் பெரும்பாலான நாட்கள் சரிவுகள் வெறுமையாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் இங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் போதிய பனியின்றி மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

மொத்தப் பனி ஆழத்தைவிட, கடந்த 24 மணி நேரத்தில் எவ்வளவு விழுந்தது, காற்று எத்திசையில் அடித்தது என்பவையே முக்கியம். காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கச் சரிவில் பலகையாகப் படியவைக்கும். அடியிலுள்ள பழைய அடுக்கோடு அது ஒட்டாவிட்டால், 30 முதல் 45 டிகிரி சாய்வில் ஒருவரின் எடையே பனிச்சரிவைத் தூண்டப் போதும். புயல் ஓய்ந்து வானம் நீலமாக விடியும் முதல் காலை எல்லோரையும் இழுக்கும். புதுப்பனி இன்னும் நிலைகொள்ளாத அந்நேரமே மிகவும் அஞ்சத்தக்கது. 2010 பிப்ரவரி 8 அன்று இங்கே நேர்ந்த பனிச்சரிவில், பயிற்சியிலிருந்த 17 ராணுவ வீரர்கள் இறந்தனர். 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத் சரிவில் போலந்து நாட்டவர் இருவர் மாண்டனர்.

இந்திய வானிலைத் துறையின் ஸ்ரீநகர் மையம் அடுத்த சில மணி நேரத்துக்கும், மூன்று நாட்கள் வரையும் முன்னறிவிப்பு தருகிறது. பனிச்சரிவு எச்சரிக்கை பெரும்பாலும் மாவட்ட வாரியாக, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்கு என வெளியாகும். எந்தச் சரிவு அபாயமானது என்பதை அது சொல்லாது. அதற்கு மலையிலேயே நிற்கும் பனிச்சறுக்குக் காவலர்களின் அன்றைய கணிப்புதான் துணை. பலத்த காற்றடித்தால் ரோப்காரின் மேல்கட்டம் நிறுத்தப்படும்.

மார்ச்சில் கணக்கு மாறுகிறது. இரவில் இறுகிய பனி முற்பகலில் இளகிச் சறுக்க ஏற்றதாகும். பிற்பகலில் நீர் ஊறி ஈரப் பனிச்சரிவாக இறங்கக்கூடும். இரவில் மேகம் மூடியிருந்தால் பனி சரியாக இறுகாது, அபாயம் காலையிலேயே தொடங்கிவிடும்.