துறத்தல் என்னும் சொல்

உள்ளதை விலக்குவதற்குத் தமிழில் விடுதல், நீத்தல், துறத்தல் எனப் பல சொற்கள் உண்டு. திருக்குறளின் 3ஆம் அதிகாரம் 'நீத்தார் பெருமை'. 35ஆம் அதிகாரம் 'துறவு'. 'விடு' என்னும் வினையே முதலெழுத்து நீண்டு 'வீடு' ஆகி, மோட்சத்தைக் குறிக்கின்றது.

துறத்தலுக்கும் இழத்தலுக்கும் வேற்றுமை பெரிது. பிறர் பறித்துக்கொண்டால் அது இழப்பு. வைத்துக்கொள்ள இயலும்போதே தானாக விலக்குவது துறவு. 1919இல் ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்துத் தாகூர் 'சர்' பட்டத்தைத் துறந்தார். 1936இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வர்ட், தாம் விரும்பிய பெண்ணை மணப்பதற்காக முடி துறந்தார். வினை ஒன்றே, நோக்கம் வேறு. ஆதலின் துறந்த பொருளை மட்டும் கொண்டு துறவை அளத்தல் ஆகாது.

பகவத்கீதையின் 18ஆம் அத்தியாயம் சந்நியாசம், தியாகம் என்னும் இரண்டையும் விளக்கி, கடமையை அன்று, அதன் பயன்மீதுள்ள பற்றையே விடுமாறு கூறுகின்றது. வள்ளுவரும் துறவில் அகந்தையை அறுப்பதையே வற்புறுத்துகின்றார். எனவே இல்லறத்தாருக்கும் துறவு உண்டு. கோயிற்பணி செய்வோர் பணியை விடவேண்டியதில்லை. 'என்னால் நடந்தது' என்னும் எண்ணத்தை விட்டாற் போதும். துறப்பதற்கு அதனினும் அரியது வேறில்லை.